நாலாவது கோட்டு

நாலு என்றுதான் சொன்னான். செல்விக்குக் காது ஒன்றும் மந்தமில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் குறுகலான மாடிப்படியில், இந்த இடுப்பிலிருந்த மகளை அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். மாப்பிள்ளைக் கோட்டு தனி, அது தம்பி அழகுராசாவுக்கு. தோழன் கோட்டு மூன்று, அது ஓசூர்க் கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கிற மூன்று பேருக்கு, அந்த மூன்று பேர் அளவும் போனில் வந்து கிடக்கிறது. அப்புறம் நாலு எங்கிருந்து வந்தது? காலையில் அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டவன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால எனக்கு லீவு கிடைக்காதுக்கா, ஞாயித்துக்கிழமை ரிசப்ஷனுக்கு நீயே போய்க் கோட்டு எடுத்து வச்சிரு, என் அளவும் மச்சான் அளவும் ஒண்ணுதான், அவரைப் போடச் சொல்லிப் பாத்துக்க என்றான். தோழன் கோட்டு நாலு சொல்லிரு என்றான். மூணு பேருதானேடா என்றதற்கு, நாலுன்னு சொன்னேன்ல என்று வைத்துவிட்டான். கரண்டி மாவு அடுப்பு மேடையில் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டு அஞ்சு வருஷம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் மண்டிக்குப் போயிட்டாரா, உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுச்சா என்று வாடகைக்குக் குடியிருக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பான். இவர் மட்டும் லேசுப்பட்ட ஆளா, உன் தம்பி, உன் தம்பி, பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும். நாலாவது ஆள் யாரென்று இட்லி வேகிறதுக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை இவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து இங்கே வருகிற வரைக்கும், தக்காளி வாசம் போகாத அந்த லோடு வண்டியின் முன் சீட்டில், சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் வாயைத் திறந்து மூடினாள். சொன்னதெல்லாம் பாதிதான். நீங்க சும்மா போட்டுக் காட்டினாப் போதும், அளவுக்கு. அதற்கே தவமணி, நான் என்ன துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மையா என்றார். ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை. அதுதான் சங்கதி, திருப்பவில்லை. அவருக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாடகைக் கோட்டுக் கடைக்குள் நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசமும் இஸ்திரி ஆவியும் ஒன்றாக முகத்தில் அடித்தன. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கோட்டுகள், தோளோடு தோள் உரசி, ஊரிலிருக்கிற மாப்பிள்ளைகளையெல்லாம் பிடித்து வந்து வரிசையில் நிறுத்தி வைத்த மாதிரி. இத்தனை கல்யாணமா, இத்தனை மேடையா, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்து நின்றிருப்பானே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையில்லாத பொம்மை ஒன்று பளபளவென்று ஷெர்வானி போட்டு நின்றது, மகள் அதைக் காட்டி தலை எங்கம்மா, தலை எங்கம்மா என்று ஆரம்பித்துவிட்டாள், சாப்பிடப் போயிருக்கு என்று சமாளித்தாள். கடைக்கார ஸ்டெல்லா அக்கா கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக வந்து, எந்தத் தேதி, யாரு மாப்பிள்ளை, பொண்ணுக்கு என்ன கலர் என்று ஊசியை எடுக்காமலே கேட்டாள். பெண் ஹேமலதா தன் ரிசப்ஷன் புடவையின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கூரியரில் அனுப்பியிருந்தாள், போன் போட்டோவில கலர் ஏமாத்திரும் அண்ணி என்று சீட்டும் வைத்து. சாமர்த்தியக்காரி, இந்தப் பயலுக்கு இவள்தான் சரி. பர்ஸுக்குள் ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்துக் கோட்டுக் கோட்டாக வைத்துப் பார்த்தாள், இது நாவற்பழம், இது கத்தரிக்காய், இது பீட்ரூட் தண்ணி, இது சேராது, இது சேரும். மண்டியில் இவர் தக்காளிப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் இது இன்னைக்கு, இது நாளைக்கு, இது கேரளாவுக்கு என்று பிரிப்பாரே, அந்தக் கண் இப்போது தனக்கு வந்துவிட்டதாக அவளுக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளைக்குக் கரும்பச்சை, தோழன்மாருக்குச் சாம்பல் நிறம், அவ்வளவுதான், முடிந்தது. திங்கள் காலை முகூர்த்தத்தில் தம்பி கட்டுகிற தாலியில் மூன்றாவது முடிச்சு அவள் போட வேண்டும், நாத்தனார் முடிச்சு, அதற்கும் பத்து நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறாள், பால் பாக்கெட் கவரில், மகள் ஜட்டி நாடாவில், கறிவேப்பிலைக் கட்டில் கூட. முடிச்சு இறுகிவிடுகிறது. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது. தாலி முடிச்சை யார் அவிழ்க்கப் போகிறார்கள், இறுகட்டும். தான் மேடையில் முடிச்சுப் போடுகிறபோது இவர் எங்கே நிற்பார்? பந்திக்குப் பக்கத்தில், இலைக் கட்டை எண்ணிக்கொண்டு. இல்லாவிட்டால் கீழே வண்டியில்.

திரைக்குப் பின்னால் அவர் கோட்டு மாற்றுகிற சத்தம் கேட்டது, முழங்கை பலகையில் இடித்தது, ச்சே என்றார். இதே மாதிரிச் சின்னச் சத்தம்தான் அன்றைக்கும். அவர்கள் கல்யாணத்தில், மாலை மாற்றி முடித்து, பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்கு மச்சினன் மோதிரம் போடுகிற நேரம். அழகுராசாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை, மோதிரத்தை இவர் விரலில் ஏற்றுகிறான், ஏறுகிறது, ஏறுகிறது, மூட்டில் போய் நின்றுவிட்டது. அழுத்தினான். இவர், ச்சே என்று பல்லுக்குள். யாரோ எண்ணெய் என்றார்கள், யாரோ சோப்பு என்றார்கள், வீடியோக்காரர் லைட்டை இன்னும் கிட்டக் கொண்டு வந்தார். பெரியப்பா எழுந்து நின்று, யாருப்பா இதுக்கு அளவு எடுத்தது என்று கேட்டார். அப்போதுதான் இந்தப் பயல், மச்சானுக்கு மோதிரம் எதுக்கு, வளையலாப் பாத்து வாங்கியிருக்கலாம் என்றான். அய்யர் மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் மொத்தமும் சிரித்தது. பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே, மூட்டை தூக்குறவனுக்கா கொடுக்கிறீங்க என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த சனம், அதற்குச் சிரிக்கச் சொல்லியா தர வேண்டும். இவர் மோதிரத்தை உருவி அவன் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக் கொடுத்தார். அவன் முகம் செத்துப்போனது. அந்த மோதிரம் இன்னும் அம்மா பீரோவில் மஞ்சள் துணியில் கிடக்கிறது. அன்றோடு போனது இவர்கள் பேச்சு, சண்டையாவது போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இத்தனைக்கும் அளவு எடுத்தது யார்? செல்வி இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், மனசுக்குள்ளே கூடத் திரும்பிக்கொள்ள முடிகிறது, பழகிவிட்டால். கோட்டுக்குப் பித்தான் இரண்டா மூன்றா, இரண்டுதான் இப்போது எல்லாரும். அளவு எடுத்தது அவள்தான். மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்குடி என்று அம்மா சொன்னாள், போனில் அவரிடம் விரல் அளவு கேட்க வெட்கம், ரெண்டு பேரும் ஒரே உசரம் ஒரே வாட்டம்தானே என்று, கடலை உடைத்துக்கொண்டிருந்த தம்பியின் விரலைப் பிடித்து நூலைச் சுற்றினாள். யாருகிட்டயும் சொல்லிராதடா. சரி. இப்போது பார், அவன் அளவுக்கு இவர், இவர் அளவுக்கு அவன், மறுபடியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டு நிற்கிறாள், நல்லவேளை இதற்கு மைக் இல்லை.

திரை விலகியது. விலகியதும் அவள் நினைத்துக்கொண்டிருந்த எல்லாம் ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. கரும்பச்சைக் கோட்டில் ஒரு ஆள் நின்றிருந்தார். தோள் அளவெடுத்துக் கடைந்த மாதிரி நிறைந்திருந்தது, கழுத்துக் கறுப்பும் வெள்ளைச் சட்டைக் காலரும், காலில் மட்டும் அதே ரப்பர் செருப்பு. நான் கட்டிக்கிட்டது இந்த ஆளையா என்று வாய்க்குள் சொன்னாள். அவர்கள் கல்யாணத்தில் கோட்டெல்லாம் ஏது, வேட்டி சட்டை, அந்த வேட்டியும் மாலை ஈரத்தில் மஞ்சளாகிவிட்டது. அப்பா என்று கூப்பிட்ட மகள், அப்பாதானா என்று சந்தேகம் வந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா அக்கா கிட்டப் போய்ப் பித்தானைப் போட்டுவிட்டு, மூச்சை இழுக்காதீங்க தம்பி, மேடையில ரெண்டு மணி நேரம் இழுத்துட்டு நிக்க முடியாது என்றாள். இவருக்குக் காது வரைக்கும் சிவந்தது. வெளிப் பை இரண்டும் தைத்து மூடியிருந்தது, ஏனென்று கேட்டதற்கு, மொய்க் கவரைத் திணிச்சுத் திணிச்சுக் கோட்டைச் சாக்காக்கிருவாங்கம்மா, அதான் தைச்சுட்டேன், உள் பை மட்டும் இருக்கு என்றாள். செல்வி சும்மா இருக்காமல் உள் பையில் கைவிட்டாள். விரல் நுனியில் ஏதோ நெருடியது, எடுத்துப் பார்த்தால் அட்சதை அரிசி, நாலைந்து மணி, மஞ்சள் வெளுத்துப்போய். யார் யாரை வாழ்த்தியதோ. அவர் நெஞ்சுக்கு அந்தப் பக்கம் சூடாக இருந்தது, கையை எடுக்க அவளுக்கு மனசில்லை, அக்கா நிற்கிறாள் என்று எடுத்தாள். அரிசியைக் கீழே போடவும் தோன்றாமல் அதே பையில் திரும்பப் போட்டுவிட்டாள். இருக்கட்டும், அடுத்தவனுக்கும் ஆகும்.

இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? சொன்னால் என்ன செய்வார், கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நான் கீழ வண்டியில இருக்கேன் என்பார், கோபமாகக் கூட இல்லாமல். அந்தக் கோபமில்லாததுதான் பயம். கத்துகிற ஆளாக இருந்தால் கத்தி முடித்ததும் சோறு போட்டுச் சரிக்கட்டலாம். இவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா வீட்டுத் தெருமுனை வரை கொண்டு வந்து விட்டுவிட்டு, டயர்ல காத்து கம்மியா இருக்கு என்று போய்விடுகிற ஆள், அஞ்சு வருஷமாக அந்த டயரில் காற்று நிறையவே இல்லை. அவள் ஸ்டெல்லா அக்காவை ஷெர்வானிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள், சாம்பல் கலர்ல நாலு வேணும்க்கா, நாலாவது இவருக்கு, இவருக்குத் தெரியாது. அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். எத்தனையோ குடும்பத்தைப் பார்த்தவள் போல ஒரு தலையாட்டு. திரும்பி வந்து, தம்பி இன்னொருக்கா கையத் தூக்குங்க என்று முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள், தோள், நெஞ்சு, இடுப்பு. இப்பதானே அளந்தீங்க என்றார் தவமணி. டேப் பழசு தம்பி, ரெண்டு தடவை அளந்தாத்தான் ஒத்துக்கும் என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். இவர் அக்காவைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், கம்பியில் தனியாக ஒதுக்கித் தொங்கிய சாம்பல் கோட்டுகளைப் பார்த்தார். மண்டியில் கண்ணாலேயே பெட்டி எண்ணுகிற ஆள். செல்வி குனிந்து, அவிழாத மகள் கவுன் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

அவர் கண்ணாடிக்கு முன்னால் போய்க் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். அப்புறம், யாரிடம் என்றில்லாமல், சொன்னார்.

"இது அவனுக்குச் சேராது. அவனுக்குக் கை நீளம். என் அளவுக்கு எடுத்தா மணிக்கட்டு வெளிய தெரியும்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள், கேட்கிற குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"காதுகுத்துல பாப்பாவ மடியில வச்சிருந்தான்ல. அவ துள்ளுனப்ப அமுக்கிப் பிடிச்சான். சட்டைக் கை ரெண்டு விரக்கடை மேல ஏறி நின்னுச்சு."

காதுகுத்தில் இவர் பந்தல் ஓரத்தில் அடுப்புப் பக்கம் நின்றிருந்தார், சாம்பார் அண்டாவையே பார்த்துக்கொண்டு. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் மகள் அலறுகிறாள், ஆசாரி ஊசியை எடுக்கிறார், எல்லாரும் பிள்ளை காதைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் தூரத்திலிருந்து அவன் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறார், பார்த்து மூன்று வருஷம் மனசில் வைத்திருக்கிறார். ஸ்டெல்லா அக்கா அதற்குள் கைமுனையைத் திருப்பி, உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன், இறக்கிரலாம் என்று ஓட்டுத் தையலைப் பிரித்தாள், வெள்ளை நூல் சுருள் சுருளாக வந்து அவர் கையில் தொங்கியது. அந்த நூலைப் பார்த்ததும் செல்விக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது, பல்லால் கடித்தும் அவிழாமல் கிடந்தது.

"அன்னைக்கு மோதிரமும் இப்படித்தாங்க. அளவு அவன் எடுக்கல. நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அவன் விரல்ல நூலைச் சுத்துனேன்."

இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது. சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவள் தலைக்குள் இன்னொன்று மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது. பெரியப்பா எழுந்து நின்று யாருப்பா அளவு எடுத்தது என்று கேட்கிறார். அதற்கு அடுத்த மூச்சில் இவன் வளையல் என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் கேள்வி காணாமல் போய்விடுகிறது. அஞ்சு வருஷமாக அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லையே. அப்படியென்றால் அந்தப் பயல், அந்த மீசை முளைக்காத பயல்.

"அவன் ஒரு வார்த்தை சொல்லலியே," என்றார் தவமணி.

"சொல்ல வேணாம்னு நான் சொன்னேன். பெரியப்பா யாருன்னு கேட்டாருல்ல, அப்பத்தான் அவன் வாயத் தொறந்தான்."

அவர் அதை எடை போட்டார். அவருக்கு எதையும் உடனே சொல்லி வராது, பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, மறுபடி தூக்கிப் பார்க்கிற ஆள். செல்வி மகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள். இறங்கிப் போய்விடுவாரோ, டயரில் காற்று குறைந்துவிடுமோ, படிக்கட்டு எத்தனை படி, ஏறும்போது எண்ணவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ, இல்லை, சொன்னது சரிதான், இல்லை, நூலை நான் ஏன் அன்றைக்கு. சாம்பல் கோட்டு அழகாகத்தான் இருக்கிறது, இவர் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

"இத அஞ்சு வருசமா அடைகாத்தியாக்கும்," என்றார் கடைசியில். திட்டு மாதிரியும் இருந்தது, திட்டு இல்லாத மாதிரியும் இருந்தது. மகள், அம்மா கோழியா என்று கேட்டாள். அதற்கு அவர் சிரித்துவிட்டார், தோள் குலுங்கியதில் அக்கா குத்திய குண்டூசி ஒன்று தெறித்துத் தரையில் ஓடியது.

ஸ்டெல்லா அக்கா மேசையில் உட்கார்ந்து வெள்ளைத் துணிச்சீட்டுகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு கோட்டின் காலருக்குள்ளும் பெயர் எழுதிக் குத்திவிடுவாளாம், மண்டபத்து அவசரத்தில ஒருத்தன் கோட்டை ஒருத்தன் மாட்டிக்கிட்டு, போன மாசம் ஒரு மாப்பிள்ளை தோழன் கோட்டோட மாலை போட்டுக்கிட்டாரு, எல்லாரும் தோழனுக்குக் கை குடுத்துட்டுப் போறாங்க என்றாள். முதல் சீட்டில் மாப்பிள்ளை என்று எழுதினாள். அடுத்த மூன்றுக்கும் செல்வி போனைப் பார்த்துப் பெயர் சொன்னாள். நாலாவது தோழன் கோட்டுக்கான சீட்டை எடுத்து வைத்துப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா செல்வியைப் பார்த்தாள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த பெயர், வீட்டுக்காரர் பெயர், அதைச் சொல்ல இவ்வளவு கஷ்டமா.

"மச்சான்னு எழுதுங்க," என்றார் அவர், கண்ணாடிப் பக்கமிருந்து திரும்பாமலே. "அவனுக்குத் தெரியும்."

அக்கா எழுதினாள். மை காய ஊதினாள். செல்விக்கு ஓடிப்போய் இப்போதே ஓசூருக்குப் போன் போட வேண்டும் போலிருந்தது, வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலரைத் திருப்பி அவனே படித்துக்கொள்ளட்டும். ஹேமலதாவிடம் மட்டும் சொல்லலாமா, அவள் அவனிடம் சொல்லிவிடுவாள், வேண்டாம். மகளைத் தரையில் இறக்கிவிட்டாள், அவள் நேராகத் தலையில்லாத பொம்மையிடம் போய், சாப்பிட்டு வந்துருச்சா என்று பார்த்தாள். செல்வி அவர் கிட்டப் போனாள். கரும்பச்சைக் கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த வெள்ளை நூலை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து மோதிர விரலை மட்டும் பிரித்தாள். பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல், கயிறு அறுத்த தழும்பு ஒன்று குறுக்கே. எதுக்குடி இப்போ என்று முணுமுணுத்தார், அக்கா இருக்காங்க என்றார், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அடியில் சுற்றக் கூடாது, அதுதான் அன்றைக்குச் செய்த முட்டாள்தனம், தம்பி விரல் என்பது மட்டுமில்லை, அந்த விரலிலும் மூட்டுக்குக் கீழேதான் சுற்றினாள், ஏறுகிற வழியை நினைக்கவே இல்லை. மூட்டின் மேலேயே வைத்துச் சுற்றினாள். ஒரு முடிச்சு. இரண்டாவது. மூன்றாவதை நிதானமாக, திங்கட்கிழமை போடப் போகிற மாதிரியே போட்டாள், இறுகவில்லை, அளவாக நின்றது. வளையத்தை விரலின் அடிவரைக்கும் தள்ளினாள். பிறகு மெல்ல வெளியே இழுத்தாள். மூட்டுக்கு வந்ததும் அது ஒரு நொடி நின்றது, அவளும் நின்றாள். அப்புறம் அது மூட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது.